இடது முன்சக்கரத்து லொடக்கு

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கயிறும் வலையும் விற்கும் சுடலைராஜ் வாழ்நாளில் யாரிடமும் சத்தம் போட்டுப் பேசியது கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் கயிற்றை இழுத்துப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, கடைசியில் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனாலும், "சரி, பொறவு வாங்க" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த கார் சத்தம் போட ஆரம்பித்தது.

சத்தம் இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து வந்தது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு லொடக்கு, ஏறினால் இன்னொரு லொடக்கு. நம் ஊரில் பள்ளம் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே லொடக்கு ஓயாமல் கேட்டது. மனைவி செல்வராணி பாட்டைக் கூட்டி வைத்துப் பார்த்தாள். லொடக்கு பாட்டுக்குத் தாளம் போட்டதே தவிர அடங்கவில்லை.

இதோடு போயிருந்தால் அவரும் ஊரில் எல்லோரையும் போல அதற்குப் பழகிப்போயிருப்பார். ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் சம்பந்தியம்மா செல்லத்தாய் அந்தக் காரில் ஏறிவிட்டார்.

செல்லத்தாய்க்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வாயில் எந்நேரமும் வெற்றிலை. வெற்றிலையோடு பேசினால் அது பேச்சு, துப்பிவிட்டுப் பேசினால் அது தீர்ப்பு. மண்டப வாசலில் காரைவிட்டு இறங்கியதும் அவர் ஓரமாகப் போய்த் துப்பினார்.

"தம்பி, ஒங்க வண்டிக்கு மூட்டு தேஞ்சிட்டு. இதுல நான் ஏறலாம், நீங்க ஏறலாம். ஏழு மாசக்காரிய ஏத்த முடியாது. ஒவ்வொரு லொடக்குக்கும் உள்ள இருக்க பிள்ள திடுக்கு திடுக்குன்னு முழிக்கும். சத்தத்த நிப்பாட்டிட்டு வாங்க, மருமவள அனுப்புதேன்."

"வேணும்னா வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சிட்டு வாரேன்க்கா."

"தலப்பிள்ளைக்கு மகள வாடகை வண்டியில கூட்டிட்டுப் போனாவன்னு ஊருல பேரு வாங்கவா? அப்பன் சொந்த வண்டியோட வந்து கூட்டிட்டுப் போணும். அதான் எங்க வீட்டு வழக்கம்."

அவர்கள் வீட்டில் கார் வந்தே சில வருஷங்கள்தான் ஆகின்றன; அதற்குள் வழக்கம் எப்படி வந்தது என்று சுடலைராஜ் கேட்கவில்லை. ஐஸ்வர்யா ஒரே மகள். மருமகன் மகாராஜன் கப்பலில் வேலை பார்க்கிறவன், எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவனுக்கே வாரம் ஒருமுறைதான் தெரியும். செல்வராணி மாடி அறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டுவதற்குப் பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். மகள் தினமும் போனில், "எப்பம்ப்பா வாரிய?" என்று கேட்டாள். இத்தனைக்கும் நடுவில் குறுக்கே நின்றது ஒரு லொடக்கு.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்றாள் செல்வராணி. வெளியாள் ஒருவர் குனிந்து பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று கார் வாங்கியபோது சொல்லியிருந்தார்கள். சுடலைராஜ் அந்த வாரண்டியைக் கண்ணாலும் பார்த்ததில்லை. ஆனாலும் பீரோவில் இருக்கும் நகையைப் போல அதற்குப் பயந்து காவல் காத்தார். எனவே பைபாஸில் இருந்த வெண்சங்கு கார் கம்பெனியின் சேவை மையத்துக்கே போனார்.

அந்த மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கம்பெனியின் தலைமை அலுவலகம் வடக்கே இருந்தது. தூத்துக்குடியில் கிளை திறந்தபோது, அங்கே இருந்த யாரோ ஒருவர் இது முத்தும் சங்கும் எடுக்கிற கடற்கரை என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒவ்வொரு வண்டியும் வேலை முடிந்து வெளியே போகும்போது ஒரு பெரிய வலம்புரிச் சங்கை ஊதி, வண்டிக்கு மாலை போட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். கோயிலுக்குள் சங்கு ஊதினால் பூசை. தெருவில் சங்கு ஊதி, மாலை போட்டு ஒரு வண்டியை அனுப்பினால் இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட இங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் முதல் ஒரு மாதம் சங்கு கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்தபடியே டம்ளரைக் கீழே வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உள்ளே குளிரூட்டிய கூடத்தில் ஜெர்லின் என்ற பெண் கையில் ஒரு பலகைக் கம்ப்யூட்டரோடு அவரை வரவேற்றாள். சிரித்த முகம். அந்தச் சிரிப்பு சாயங்காலம் மையம் மூடும்வரை அவள் முகத்தில் அப்படியே இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சொல்லுங்க சார், என்ன சத்தம்?"

"லொடக்குன்னு ஒரு சத்தம்மா. இடது முன்சக்கரத்துல."

ஜெர்லின் பலகையைத் தடவிப் பார்த்தாள். "லொடக்கு எங்க சிஸ்டத்துல இல்ல சார். டொக் இருக்கு, கிரீச் இருக்கு, கடகட இருக்கு. உஸ் இருக்கு, ஆனா அது காத்துக்கு. நீங்க கொஞ்சம் அந்தச் சத்தத்தப் பண்ணிக் காட்டினீங்கன்னா எதுல சேக்கலாம்னு பாக்கலாம்."

சுடலைராஜ் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு "கீய்ய்ங்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். மையத்து ஊழியர் ஒருவர் தலையசைத்து அதைக் கேட்டு, "முடியும்போது கொஞ்சம் இறங்குதா சார்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சுடலைராஜுக்குப் புரிந்தது.

"லொடக்கு" என்றார்.

"கொஞ்சம் வயித்துல இருந்து வரணும் சார்."

"லொடக்கு."

"இறங்கும்போது ஒண்ணு, ஏறும்போது ஒண்ணா? ரெண்டும் ஒரே சுருதியா?"

அவர் பள்ளத்தில் இறங்குவது போல முழங்காலை மடக்கி ஒரு லொடக்கும், எழுந்து நின்று ஒரு லொடக்கும் சொன்னார். அதை ரெக்கார்ட் செய்து இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். கடைசியில் 'டொக், கடகட சாயலுடன்' என்று பதிவானது.

அடுத்தது சோதனை ஓட்டம். மையத்துக்குள்ளேயே அதற்கென்று ஒரு பாதை போட்டிருந்தார்கள். எச்சில் தொட்டு வைத்த சீட்டுக்கட்டு கூட வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவு வழவழப்பு. வண்டி பூனை போல ஒரு சுற்று வந்து நின்றது.

"சத்தமே இல்லையே சார்."

"இங்கன வராதும்மா. ரோட்டுக்கு வாங்க, கேக்கும்."

"வெளி ரோடு எங்க கம்பெனி ரோடு இல்ல சார். அங்க வர்ற சத்தம் ரோட்டோட சத்தம். அத நாங்க ரிப்பேர் பண்ண முடியாது."

'சத்தம் காணப்படவில்லை' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். சங்கு ஊதினார்கள். டீக்கடையில் டம்ளர்கள் கீழே இறங்கின. மையத்து வாசலைத் தாண்டிய முதல் பள்ளத்தில், லொடக்கு.

சான்றிதழை எடுத்துக்கொண்டு அவர் ஆத்தூருக்குப் போனார். கார் செல்லத்தாய் வீட்டு வாசல் மேட்டில் ஏறி இறங்கி இரண்டு முறை சாட்சி சொன்னது. செல்லத்தாய் சான்றிதழை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துப்பினார்.

"நல்லா இருக்கு தம்பி, சட்டம் போட்டு மாட்டலாம். இதப் பின் சீட்டுல உக்காத்தி வச்சு கூட்டிட்டுப் போங்க. ஐஸ்வர்யா இங்கனயே இருக்கட்டும்."

ஐஸ்வர்யா கதவோரம் நின்று பார்த்தாள். கிளம்பும்போது அத்தைக்குக் கேட்காமல் கார் ஜன்னலில் கையை வைத்து, "எனக்குச் சத்தம் பரவாயில்லப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவருக்கு வண்டி ஓட்ட முடியாமல் கண் கலங்கிவிட்டது. பழையகாயல் தாண்டும்வரை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மறுபடியும் மையம். இந்த முறை ஒரு கேள்வி புதிதாகக் கேட்டார்கள்: சத்தம் வரும்போது வண்டியில் யார் யார் இருந்தார்கள்? "என் வீட்டுக்காரி பக்கத்துல இருந்தா" என்றார் சுடலைராஜ், வருவது தெரியாமல். செல்வராணியை வரவழைத்து இடது முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். இறக்கி ஒரு சுற்று ஓட்டினார்கள், ஏற்றி ஒரு சுற்று ஓட்டினார்கள். இரண்டிலும் சத்தம் இல்லை. ஆனால் ஏற்றிய சுற்றில் சத்தம் வந்திருக்க வாய்ப்பு உண்டு என்று தீர்மானித்து, 'பயணியால் ஏற்படக்கூடிய சத்தம்' என்று குறித்துக்கொண்டார்கள். மேற்கொண்டு ஆராய வண்டியை மூன்று வாரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

"மூணு வாரமும் நான் இங்கன உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டாள் செல்வராணி.

"வேண்டாம் மேடம். உங்க எடைக்கு ஏத்த ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

அந்த ஏற்பாடு என்ன என்பது அடுத்த வாரம் போனபோது தெரிந்தது. முன்சீட்டில் இரண்டு உப்பு மூட்டைகளைச் சாய்த்து வைத்து, சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். மேல் மூட்டையில் 'மேடம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. செல்வராணி அதைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணு போதாதா அவனுவளுக்கு, ரெண்டு மூட்டையா வைக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படிப் போய்வந்த ஒரு நாளில் சுடலைராஜ் ஒரு காரியம் செய்துவிட்டார். கார் தூக்கியில் உயரத்தில் நின்றிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தால், விரல் கனத்தில் ஒரு கம்பி, அதன் நட்டு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கடைக்காரருக்குத் தளர்ந்து கிடக்கும் எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது. பிடித்து ஆட்டினார். லொடக்கு லொடக்கு என்று பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் அது பேசியது.

"இதாம்மா. இந்தச் சத்தந்தான்" என்றார். இத்தனை நாள் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினார்.

ஜெர்லின் சிரித்த முகம் மாறாமல் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "நீங்க காட்டுறது ஆட்டம் சார். உங்க கம்ப்ளெயிண்ட் சத்தம். ஆட்டம் வேற டிபார்ட்மென்ட்."

"ஆடுததுனாலதானம்மா சத்தம் வருது."

"நீங்க ஆட்டுனதாலதான் சார் ஆடுச்சு. அத கேமரா பாத்திருக்கும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன், இத பதிவு பண்ண வேண்டாம். கஸ்டமர் கைபட்ட பாகம்னு வந்துட்டா வாரண்டி நிக்காது."

வாரண்டி என்றதும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நட்டை ஒரு ஸ்பேனரால் நாலு திருகு திருகினால் போதும். கூடத்தில் ஸ்பேனர்கள் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. ஒன்றையும் யாரும் எடுக்கவில்லை.

இதற்குள் ஏழாம் மாதம் எட்டாகிவிட்டது. செல்லத்தாய் ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்புக்கு ஒரு நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சத்தமில்லாத வண்டியோடு வந்தால் மகளைக் கூட்டிப் போகலாம். வராவிட்டால் பிரசவம் ஆத்தூரில்தான். செல்வராணி மடித்து வைத்திருந்த தொட்டில் சேலைகளை எடுத்து மறுபடி துவைத்தாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மையத்திலிருந்து சுடலைராஜுக்கு ஓர் அழைப்பு வந்தது. வண்டி தயாராகிவிட்டது என்று ஓடினார். வண்டி தயாராகவில்லை, காது சோதனை. அவரை ஒரு பெட்டி போன்ற அறையில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டி, எதெல்லாம் கேட்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னார்கள். நேர்மையான மனிதர், கேட்டதற்கெல்லாம் தூக்கினார். முடிவில் அவருடைய காது கம்பெனி நிர்ணயித்த அளவைவிடக் கூடுதலாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்து, அவரைப் போன்றவர்களுக்காக நடத்தும் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். 'சத்தமும் நாமும்' என்று பேனர் கட்டியிருந்தது. மோர் கொடுத்தார்கள். தலைமையாசிரியரும் வந்திருந்தார். பொது மேலாளர் ஹென்றி சார் பேச எழுந்தார்.

"அன்பான வாடிக்கையாளர்களே, சத்தத்த நாம எதிரியா பாக்குறோம். தப்பு. வண்டி உங்களோட பேசுது. பேசுற வாய நாங்க எப்படி அடைக்கிறது? என் அனுபவத்துல சொல்றேன். முதல் மாசம் கஸ்டமர் கோபமா வருவாங்க. ரெண்டாவது மாசம் சோர்ந்து போய் வருவாங்க. மூணாவது மாசம் வரமாட்டாங்க. வராத கஸ்டமர நாங்க திருப்தியடைஞ்ச கஸ்டமர்னு எழுதிக்கிறோம். அந்த வகையில இந்தியாவுலயே திருப்தியில நம்ம மையம்தான் முதலிடம். இந்த விருத நான் வாங்கினப்போ மேடையில சொன்னேன், இது எனக்குக் கிடைச்ச விருது இல்ல, எங்க வாடிக்கையாளர்களோட பொறுமைக்குக் கிடைச்ச விருது. எங்க மெக்கானிக்குகளுக்கும் நான் அதான் சொல்றது. வண்டிய எவன் வேணும்னாலும் சரி பண்ணிருவான். கஸ்டமர சரி பண்றதுதான் சர்வீஸ்."

எல்லோரும் கைதட்டினார்கள். மோர் நன்றாக இருந்ததால் சுடலைராஜும் தட்டினார். கூட்டம் முடிந்து ஹென்றி சார் அவரைத் தன் காரிலேயே கடையில் கொண்டுவிட்டார். அதே கம்பெனிக் கார். பாலத்து இறக்கத்தில் இடது முன்சக்கரம் லொடக்கு என்றது. ஏற்றத்தில் இன்னொன்று. சுடலைராஜுக்கு உடம்பு சிலிர்த்தது.

"சார், ஒங்க வண்டியிலயும் சத்தம் கேக்கு."

ஹென்றி சார் காரை ஓரம் கட்டி, தலையைச் சாய்த்து உண்மையாகவே கவனித்துக் கேட்டார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "நான் இந்த ட்ரெயினிங் முடிச்சு எட்டு வருஷம் ஆச்சு."

அன்று இரவு சுடலைராஜ் சாப்பிடவில்லை. மகள் இனி வரமாட்டாள் என்றே அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் வளைகாப்பு நாளன்று காலையில் ஜெர்லின் கூப்பிட்டாள். தலைமை அலுவலகத்திலிருந்து இணையம் வழியாக மென்பொருளில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள், சத்தம் அடியோடு நின்றுவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சுடலைராஜும் செல்வராணியும் கட்டுச்சாதத் தூக்குகளோடும் வளையல் பெட்டிகளோடும் ஆட்டோவில் பறந்தார்கள். உப்பு மூட்டைகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் செல்வராணி ஏறினாள். காரின் முகப்பு நீளத்துக்கு மாலை போட்டார்கள். சங்கு ஊதினார்கள். வாசல் பள்ளத்தில் கார் இறங்கியது. சுடலைராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தம் இல்லை. ஏறியது. சத்தம் இல்லை.

"ஏளா, கேட்டியா? ஒண்ணுமே கேக்கல" என்றார். செல்வராணி அவர் தோளில் கையை வைத்தாள்.

சந்தோஷத்தில் இருவரும் வேகத்தைக் கவனிக்கவில்லை; முள்ளக்காட்டை நெருங்கும்போதுதான் ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மாள், தூக்குவாளியை மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டு போனாள். சுடலைராஜ் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முள் பத்தில் நின்றது. இன்னும் அழுத்தினார். பத்து. கால் தரையில் முட்டியது. பத்து.

மையத்துக்கு போன் போட்டார். "வேகம் ஏற மாட்டக்கும்மா."

"சத்தம் வருதா சார்?"

"சத்தம் வரல."

"அப்போ கம்ப்ளெயிண்ட் சரியாயிருச்சு சார். சத்தம் வராத வேகம் பத்துன்னு கண்டுபிடிச்சு அதுல செட் பண்ணியிருக்கோம். வேகம் தனி கம்ப்ளெயிண்ட். நாளைக்கு வந்தீங்கன்னா எழுதிக்கலாம்."

திரும்பிப் போனால் நல்ல நேரம் போய்விடும். மேலே போவதைத் தவிர வழியில்லை. மாலை போட்ட வெள்ளைக் கார் ஒன்று நடக்கிற வேகத்தில் திருச்செந்தூர் சாலையில் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்களோ அதையே நினைத்தார்கள். எதிரே வந்த பைக்குகள் ஓரம் கட்டின. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த உப்பு லாரிகள் ஹாரன் அடிக்காமல் வரிசையாக மரியாதையுடன் தொடர்ந்து வந்தன. பழையகாயலில் டீக்கடைக்காரர் ஒருவர் பாட்டை நிறுத்தினார். செல்வராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது மேலும் பொருத்தமாகப் போய்விட்டது.

ஆத்தூரில் செல்லத்தாய் வாசலில் நின்று பார்த்தார். கார் மேட்டில் பஞ்சு போல ஏறி, பஞ்சு போல இறங்கி நின்றது. அவர் துப்பினார். சுடலைராஜ் கைகூப்பியபடி நின்றார்.

"இதாந் தம்பி வண்டி" என்றார் செல்லத்தாய். "வயித்துப் பிள்ளைக்காரிய இப்பிடித்தான் கூட்டிட்டுப் போணும். ஒங்க கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்."

வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறும் பரிமாறி, மகளைக் காரில் ஏற்றினார்கள். ஐஸ்வர்யா பின் சீட்டில் அம்மா மடியில் சாய்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் வேகத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. முக்காணி தாண்டி, உப்பளம் வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், "ம்மா" என்றாள். இரண்டாவது தடவை சொன்னபோது அது கூப்பிட்டதில்லை என்று செல்வராணிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, வலி கண்டுட்டு. வெரட்டுங்க."

சுடலைராஜ் விரட்டினார். பத்து. சுவாமி பேரையெல்லாம் சொல்லி மிதித்தார். பத்து. ஸ்டீயரிங்கைப் பிடித்து முன்னால் தள்ளினார், தள்ளினால் போகும் என்பது போல. மகள் முனகிய ஒவ்வொரு முனகலுக்கும் அவர் உயிர் போய்ப் போய் வந்தது. கார் அத்தனை அமைதியாக இருந்ததால் ஒரு முனகல்கூடத் தப்பாமல் கேட்டது.

கடைசியில் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். பின்னால் வந்த லாரிகள் பெரிசாக இருந்தன; அவற்றுக்கு நடுவிலிருந்து குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்று உப்பு மூட்டைகளோடு எட்டிப் பார்த்தது. ஓட்டிவந்தவன் பெயர் ஜெர்சன் என்று பிறகுதான் கேட்டுக்கொண்டார்கள். அவன் இறங்கி வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, "அடக்கம் எங்கன அண்ணாச்சி?" என்று பணிவாகக் கேட்டான்.

"பிரசவம்டே" என்றார் சுடலைராஜ்.

ஜெர்சன் துணியை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டான். ஐஸ்வர்யாவையும் செல்வராணியையும் முன்னால் ஏற்றிக்கொண்டான். சுடலைராஜ் பின்னால் உப்பு மூட்டைகளின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார். வண்டி கிளம்பியது. டொக் என்றது, கிரீச் என்றது, கடகடவென்றது, காற்று இல்லாத இடத்திலும் உஸ் என்றது. லொடக்கு நாலு சக்கரத்திலும் இருந்தது. பள்ளம் மேடு பாராமல் அது பறந்தபோது, இவ்வளவு இனிமையான சத்தத்தை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. மூட்டைமேல் கிடந்தபடி அவர் அழுதார். உப்பில் உப்பு விழுந்தது, யாருக்கும் தெரியவில்லை.

தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பேரன் பிறந்தான். உள்ளேயிருந்து வந்த முதல் அழுகையைக் கேட்டு நர்ஸ், "நல்ல சத்தம்" என்றாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி மாடி அறையில், அழுது அழுது ஓய்ந்து பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்தான். ஐஸ்வர்யாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். அலறியடித்து ஓடிவந்திருந்த செல்லத்தாய் நாற்காலியில் வெற்றிலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். போன் அதிர்ந்தது. ஜெர்லின்.

"குட் மார்னிங் சார். நேத்து வண்டி எடுத்தீங்கல்ல, எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

மூன்று மாதமாகச் சேர்ந்தது எல்லாம் சுடலைராஜுக்கு நெஞ்சுக்குள் திரண்டு வந்தது. பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தை இன்றைக்குப் போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவள் சொல்லிக்கொடுத்தது போலவே வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். செல்வராணி விரலை உதட்டில் வைத்தாள்.

"ஏங்க, பிள்ள இப்பந்தான் கண்ண மூடுனான்."

இழுத்த மூச்சு வந்த வழியே போய்விட்டது. "ஒண்ணும் கிடையாது. சைபர்" என்று கிசுகிசுத்தார்.

"பத்துக்குக் குறைஞ்சா ஹென்றி சார் நேர்ல வருவார் சார். ஏன் குறைஞ்சதுன்னு உட்கார்ந்து பேசுவார். பத்து ஆகிற வரைக்கும் வருவார்."

சுடலைராஜ் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். ஹென்றி சார் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை நினைத்துப் பார்த்தார்.

"பத்து" என்றார்.

"ரொம்ப நன்றி சார். கஸ்டமர் குரலை உயர்த்தாம, அமைதியா, முழு திருப்தியா பேசினார்னு எழுதிக்கிறேன். லைன்லயே இருங்க, பத்து வாங்கினதுக்கு உங்களுக்காக சங்கு ஊதுறோம்."

சுடலைராஜுக்குப் பகீரென்றது. பிள்ளை பிறந்த அறையில் சங்கா? செல்லத்தாய் இருக்கும்போதா? போனை அணைக்கப் போய், பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். ஜன்னலுக்குத் தாவி, கம்பிக்கு வெளியே போனோடு தோள்வரை கையை நீட்டினார். சங்கு ஊதியது. நன்றாகவே, நீளமாகவே ஊதினார்கள். பிள்ளை அசையவில்லை.

கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் சங்கைக் கேட்டு நிமிர்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார் சுடலைராஜ். "காரு சரியாயிட்டு."

பிள்ளை எழுந்துவிடுமே என்று மெதுவாகத்தான் சொன்னார். கீழே அவருக்குக் கேட்டிருக்காது. அவர் தலைநிமிராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.